வள்ளம் ஏறாமலே ஒரு பயிற்சி
தீவக முன்பள்ளிப் பொறுப்பாசிரியைகளும் இணையவழிக் கல்வியும்



நெடுந்தீவில் ஒரு சிறிய முன்பள்ளியை எண்ணிப் பாருங்கள். இருபது பிள்ளைகள். பொறுப்பாசிரியை ஒருவர், உதவி ஆசிரியை ஒருவர். பொறுப்பாசிரியை பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வருகிறது. பயிற்சி நடப்பது யாழ்ப்பாண நகரில். காலைப் படகைப் பிடித்து ஒரு மணித்தியாலம் கடலில் வந்து குறிகட்டுவானில் இறங்க வேண்டும். பின்னர் பேருந்தில் ஏறி, புங்குடுதீவு, வேலணை கடந்து, பண்ணைத் தாம்போதி வழியே நகரத்துக்குப் போகவேண்டும். வகுப்பு முடியும்போது திரும்பிவரப் படகு இருக்காது. இரவு தங்க ஓர் உறவினர் வீடு தேவை. வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் அதுவும் முடியாது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது.

இந்த நிலையில் அவருக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, பயிற்சியைக் கைவிடுவது. மற்றது, முன்பள்ளியைப் பூட்டிவிட்டு நகரத்துக்குப் போய்த் தங்கிப் படிப்பது. எந்த வழியில் போனாலும் நட்டம் பிள்ளைகளுக்கே. நகரத்துக்குப் போன சிலர் திரும்பி வராமலே விட்டதையும் நாம் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பயணம் அவ்வளவு கடினம்.

இப்போது மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது. வீட்டிலிருந்தே கைத்தொலைபேசி மூலமோ கணினி மூலமோ பயிற்சியின் பெரும்பகுதியை முடிக்கலாம். இந்த வழி எப்படிப்பட்டது, எதைத் தரும், எதைத் தராது, குடும்பமும் ஊரும் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

பிள்ளை பார்ப்பதற்கும் படிப்பா?

“பிள்ளை வளர்க்க எங்கள் ஆச்சிமார் எந்தப் பள்ளிக்கூடம் போனார்கள்?” என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆச்சி தன் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். அவருக்குத் துணையாகச் சுற்றத்தார் இருந்தனர். ஆனால் ஒரே அறையில் இருபது வீட்டுப் பிள்ளைகளை வைத்து, ஒவ்வொன்றின் வளர்ச்சியையும் கவனித்து, பேச்சுப் பிந்திய பிள்ளை எது, கண் மங்கிய பிள்ளை எது, பயத்தில் ஒடுங்கியிருக்கும் பிள்ளை எது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை.

மனித மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஐந்து வயதுக்குள் நடந்துவிடுகிறது. அந்த வயதில் கேட்கும் சொல், கிடைக்கும் உணவு, ஆடும் விளையாட்டு, காணும் அன்பு எல்லாம் பின்னைய படிப்புக்கு அத்திவாரம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாந்தி என்ற ஊரில் 1962ஆம் ஆண்டு தொடக்கம் ஓர் ஆய்வு நடந்தது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு நல்ல முன்பள்ளி கிடைத்தது, மறுபகுதியினருக்குக் கிடைக்கவில்லை. நாற்பது வயது வரை அவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தபோது, முன்பள்ளிக்குப் போனவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் கூடுதலாகவும், பொலிசாரால் கைது செய்யப்பட்டவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த முன்பள்ளியின் ஆசிரியைகள் பயிற்சி பெற்றவர்கள். கிழமைதோறும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்வந்தவர்கள். பலன் தந்தது கட்டிடம் அல்ல, பயிற்சி பெற்ற ஆசிரியையே.

இழந்த ஊர்கள் முதலில் கட்டியது

நம்மில் பலருக்கு முன்பள்ளி என்றதும் ஒரு மரநிழல் நினைவுக்கு வரும். 1990இலும் 1991இலும் தீவகத்திலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் வெளியேறின. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. நலன்புரி நிலையங்களில், கிடுகுக் கொட்டிலில், பாய் விரித்துச் சிறுவரை இருத்திப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்தந்த ஊர் இளம் பெண்களே. அவர்களுக்குச் சான்றிதழ் இருக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் பிள்ளைகள் குண்டுச் சத்தத்தை மறந்திருந்தார்கள். தாய்மார் தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் வரிசையில் நிற்கப் போனார்கள்.

இப்படிச் செய்தவர்கள் நாம் மட்டுமல்ல. இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகருக்கு அருகே வில்லா செல்லா என்றொரு கிராமம். 1945இல் போர் முடிந்தபோது அங்கே எஞ்சியிருந்தது இடிபாடுகள்தான். பின்வாங்கிப் போன படையினர் விட்டுச்சென்ற ஒரு போர்த்தாங்கியையும் சில பார ஊர்திகளையும் குதிரைகளையும் ஊரவர் விற்றார்கள். அந்தப் பணத்தில் அவர்கள் கட்டத் தொடங்கியது ஒரு முன்பள்ளியை. இடிந்த வீடுகளின் கற்களை எடுத்து, ஓய்வு நேரங்களில் விவசாயிகளும் தொழிலாளரும் பெண்களும் சேர்ந்து கட்டினார்கள். லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் செய்தி கேள்விப்பட்டுச் சைக்கிளில் வந்து பார்த்தார். பின்னர் தம் வாழ்நாளையே அந்தப் பணிக்குக் கொடுத்தார். இன்று உலகமெங்கும் இருந்து ஆசிரியர்கள் அந்த நகரத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள்.

மரியா மொண்டிசோரி அம்மையாரும் 1907இல் தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் தொடங்கியது ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் இந்தியாவில் தங்கிச் சென்னையிலும் பிற இடங்களிலும் ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். முன்பள்ளிக் கல்வி வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

பொறுப்பாசிரியையின் பொறுப்பு என்ன?

உதவி ஆசிரியை பிள்ளைகளோடு மட்டும் நின்றால் போதும். பொறுப்பாசிரியைக்கு அதற்கு மேலும் பல கடமைகள் உண்டு. அவருக்கான பயிற்சியில் பொதுவாக அடங்குபவை இவை:

1. பிள்ளையின் வளர்ச்சிப் படிகள். மூன்று வயதில் எதை எதிர்பார்க்கலாம், ஐந்து வயதில் எதை எதிர்பார்க்கலாம் என்ற அறிவு.

2. விளையாட்டினூடாகக் கற்பித்தல். இதற்குக் கடையில் வாங்கும் பொருட்கள் வேண்டும் என்றில்லை. சிப்பி, சோகி, ஊமல், பனையோலை, குரும்பட்டி எல்லாம் எண்ணவும் பிரிக்கவும் அடுக்கவும் உதவும்.

3. உணவும் சுகாதாரமும். நிறை, உயரம் பார்த்துப் பதிதல், குடும்பநல உத்தியோகத்தரோடு சேர்ந்து இயங்குதல், குடிதண்ணீரின் தூய்மை, மலசலகூடம்.

4. பாதுகாப்பு. மூடாத கிணறு, உடைந்த மதில், பாம்பு, முதலுதவி. பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறதென்ற ஐயம் வந்தால் என்ன செய்வது என்பதும் இதில் அடங்கும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. அந்த இலக்கம் ஒவ்வொரு முன்பள்ளிச் சுவரிலும் இருக்க வேண்டும்.

5. பதிவேடுகளும் கணக்கும். வரவு இடாப்பு, பிள்ளையின் தனிப் பதிவு, வரவு செலவு, பெற்றோர் கூட்டக் குறிப்பு.

6. மனக்காயப்பட்ட பிள்ளைகளைக் கையாளுதல். இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை திடீர்ச் சத்தத்துக்கு அஞ்சுவதும், தாயை விட்டுப் பிரிய மறுப்பதும் குழப்படி அல்ல. போரைக் காணாத பிள்ளையிடத்திலும் போரைக் கண்ட பெற்றோரின் அச்சம் தொற்றியிருக்கும்.

முன்பள்ளிகளின் முகாமையை மேற்பார்வை செய்வது 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்தின் பொறுப்பு. ஆகவே பதிவுக்கு எந்தத் தகுதி வேண்டும், எந்தப் பயிற்சி ஏற்றுக்கொள்ளப்படும் என்பதைத் தீவக வலயக் கல்வி அலுவலகத்தில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பானவரிடம் முதலில் எழுத்தில் கேட்டு அறியுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் உதவுவார். பணம் கட்டுவதற்கு முன்னரே இதைச் செய்ய வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

இலங்கையில் வீட்டிலிருந்து படிப்பதற்கான பழைய வீடு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். அது 1980இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் அதற்குப் பிராந்திய நிலையம் உண்டு. முன்பள்ளிக் கல்வித் துறையிலும் தமிழ் மொழியில் பாடநெறி நடத்தி வந்திருக்கிறது. முன்னர் அச்சிட்ட பாடநூல்களே கைக்கு வந்தன. 2003இல் தொடங்கிய தொலைக்கல்வி நவீனமயமாக்கல் திட்டத்தின் பின்னர் கணினி வழியும் சேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்வி நிலையங்கள் எல்லாம் மூடப்பட்டபோது இணையவழி வகுப்பு நாடெங்கும் பழகிப் போயிற்று.

இரண்டாவது வழி தேசிய தொழிற்றகைமை. இதில் முன்பள்ளி ஆசிரியைக்கு நான்காம் மட்டச் சான்றிதழ் உண்டு. இதற்குப் பொறுப்பானது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. இந்த முறையில் நம்மவருக்குப் பயன்படும் ஒரு வாசல் இருக்கிறது. பல ஆண்டுகள் வேலை செய்து கைவந்த திறனை மதிப்பீட்டாளர் ஒருவர் முன்னிலையில் செய்து காட்டி, ஆதாரங்களைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம். பதினைந்து ஆண்டுகள் மரநிழலில் படிப்பித்தவர் புதிதாகத் தொடங்குபவரைப் போல எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆதாரம் வேண்டும். பழைய வரவு இடாப்பு, பாடத்திட்டக் குறிப்பு, புகைப்படம், கிராம அலுவலரின் கடிதம் எதையும் எறிந்துவிடாதீர்கள்.

இணையவழிப் பயிற்சி எப்படி நடக்கும்?

மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது, பாடக் குறிப்புகளும் பதிவு செய்யப்பட்ட காணொளிகளும். இவற்றை வசதியான நேரத்தில் பார்க்கலாம். இரண்டாவது, குறித்த நேரத்தில் நடக்கும் நேரடி வகுப்பு. விரிவுரையாளர் பேசுவார், நீங்களும் கேள்வி கேட்கலாம். மூன்றாவது, ஒப்படையும் பரீட்சையும். ஒப்படையைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பவும் சில இடங்களில் அனுமதி உண்டு.

ஒரு பயிற்சிக்கு 150 மணித்தியாலப் படிப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு ஓய்வு, மற்ற ஆறு நாளும் ஒவ்வொரு மணித்தியாலம் என்றால் கிழமைக்கு 6 மணித்தியாலம். 25 கிழமைகளில், அதாவது ஏறக்குறைய அரை ஆண்டில், முடிந்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் தவறாமல் கிடைக்க வேண்டும். இணையவழிப் படிப்பைத் தொடங்கியவர்களில் பலர் இடையில் விட்டுவிடுவதற்குக் காரணம் பாடம் கடினம் என்பதல்ல. அந்த ஒரு மணித்தியாலத்தை வீடு விட்டுக் கொடுப்பதில்லை.

செலவையும் பார்ப்போம். நேரடி வகுப்பில் உங்கள் படத்தை நிறுத்தி வைத்து, குரலை மட்டும் கேட்டால் டேட்டா பல மடங்கு மிச்சமாகும். காணொளிகளை அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் இடத்தில் தரவிறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பார்க்கலாம். குறிகட்டுவானுக்கோ வேலணைக்கோ வேறு அலுவலாகப் போகும்போது இதையும் முடித்து வரலாம்.

மின்சாரமும் ஒரு கேள்வி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளும் நெடுங்காலம் டீசல் இயந்திர மின்சாரத்தையே நம்பியிருந்தன. இம்மூன்றிலும் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின் திட்டத்தை இந்திய உதவியோடு அமைப்பதற்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. எப்படியிருப்பினும், பரீட்சை நாளில் தொலைபேசி முழுமையாக மின்னேற்றப்பட்டிருக்க வேண்டும். அயல்வீட்டில் இன்னொன்று ஆயத்தமாக இருப்பதும் நல்லது.

இணையத்தால் முடியாதது

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அழும் பிள்ளையை அணைத்துத் தேற்றுவதைத் திரையில் பார்த்துப் படிக்க முடியாது. நீந்தும் விதத்தைப் புத்தகத்தில் படித்தவர் கடலில் இறங்கும்வரை நீந்தத் தெரிந்தவர் அல்ல. முதலுதவியையும் கையால் செய்து பழக வேண்டும். ஆகவே செய்முறைப் பயிற்சி இல்லாத, பிள்ளைகளோடு வேலை செய்வதை யாரும் நேரில் வந்து பார்க்காத ஒரு பயிற்சியை நம்ப வேண்டாம். நல்ல பயிற்சியில் சில நாட்களாவது நேரடி வகுப்பும், முன்பள்ளியில் மேற்பார்வையும் இருக்கும். இணையம் பயண நாட்களைக் குறைக்கும். முற்றாக இல்லாமற் செய்யாது. மாதம் நான்கு முறை ஏற வேண்டிய படகில் ஒரு முறை ஏறினால் போதும் என்பதே நமக்குக் கிடைக்கும் நன்மை.

தனிமையும் ஒரு குறை. வகுப்பறையில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெளியலாம்; வீட்டில் அது இல்லை. இதற்கு மருந்து கூட்டுப் படிப்பு. ஊர்காவற்றுறையில், புங்குடுதீவில், நயினாதீவில் உள்ள ஆசிரியைகள் மூவர் நால்வராகச் சேர்ந்து தொலைபேசியில் ஒரு குழுவாகி, கிழமைக்கு ஒருமுறை பேசிக்கொள்ளலாம்.

தொலைந்த பத்திரங்கள்

விண்ணப்பப் படிவத்தைக் கண்டதும் நம்மவர் பலர் பின்வாங்குவது ஒரு காரணத்தால்தான். “சான்றிதழ்கள் எல்லாம் ஓடும்போது போய்விட்டன” என்பார்கள். இது முட்டுக்கட்டை ஆகத் தேவையில்லை. சாதாரண தரப் பெறுபேற்றை உறுதிப்படுத்திய பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம், இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால் வேலை இலகு. சுட்டெண் நினைவில்லாவிட்டால் படித்த பாடசாலையில் விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இவற்றுக்கு நாட்கள் செல்லும். ஆகவே விண்ணப்ப முடிவு திகதிக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

ஏமாறாதிருக்க

தொலைபேசியில் வரும் விளம்பரங்களில் பத்து நாளில் சான்றிதழ், பரீட்சை இல்லை, வெளிநாட்டு முத்திரை என்றெல்லாம் இருக்கும். பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நிறுவனம் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, பதிவிலக்கம் என்ன? சான்றிதழை வலயக் கல்வி அலுவலகம் ஏற்குமா? செய்முறைப் பயிற்சி எங்கே, யார் மேற்பார்வை? முழுச் செலவு எவ்வளவு, பரீட்சைக் கட்டணமும் அதற்குள் அடங்குமா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். வெங்காயம் விற்ற காசும் அடகு வைத்த சங்கிலியும் கடதாசிக்குப் போய்விடக் கூடாது.

குடும்பமும் ஊரும் செய்ய வேண்டியவை

ஒரு பொறுப்பாசிரியையின் பயிற்சி அவருடைய சொந்த அலுவல் அல்ல. அது ஊரின் அலுவல். கணவன்மாருக்கு ஒரு சொல்: தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தைத் தவறவிடுவீர்களா? மாட்டீர்கள். மனைவி படிக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தையும் அப்படியே எண்ணுங்கள். அந்த நேரம் அடுப்பையும் பிள்ளையையும் நீங்கள் பாருங்கள். மாமிமாருக்கும் இதே வேண்டுகோள்தான்.

பெற்றோர் சங்கம் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்து டேட்டாச் செலவை ஏற்கலாம். மாதர் சங்கம், சனசமூக நிலையம், கோவில் அல்லது பங்கு மண்டபம் ஆகியவற்றில் அலைவரிசையும் மின்சாரமும் உள்ள ஓர் அறையை மாலையில் திறந்து விடலாம். நேரடி வகுப்பு நாட்களில் உதவி ஆசிரியைக்குத் துணையாகத் தாய்மார் முறைவைத்து நிற்கலாம். வெளிநாட்டில் உள்ள ஊரவர் பழைய மடிக்கணினி ஒன்றை அனுப்புவது புதிய வளைவு கட்டுவதிலும் பயன் தரும். பதிலுக்கு ஊர் ஒன்றைக் கேட்கலாம்: படித்து முடித்தபின் குறைந்தது சில ஆண்டுகளாவது இங்கேயே பணி செய்வேன் என்ற வாக்குறுதி. வற்புறுத்தி வாங்கும் வாக்குறுதி நிலைக்காது. மதிப்பான கொடுப்பனவும் மரியாதையும் கொடுத்தால் கேட்காமலே நிற்பார். வேலையை மெச்சிவிட்டுக் கூலியை மறக்கும் ஊரில் யார்தான் நிற்பார்?

இன்னும் தம் ஊருக்குத் திரும்பாத குடும்பங்களும் இதை வாசிப்பீர்கள். நீங்கள் இருக்கும் இடத்திலும் ஒரு முன்பள்ளி இருக்கும். அங்கே உங்கள் பெண் ஒருத்தி சொற்ப கொடுப்பனவுக்கு வேலை செய்யக்கூடும். அவரைப் படிக்க விடுங்கள். காணி விடுபடும் நாள் நம் கையில் இல்லை. ஆனால் அன்று ஊருக்குப் போகும்போது, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையும் கூடவே போனால், வேலி அடைப்பதற்கு முன்னரே முன்பள்ளி தொடங்கிவிடும். முன்பள்ளி நடக்கும் ஊருக்கு இளம் குடும்பங்கள் நம்பித் திரும்பும். அது இல்லாத ஊரில் முதியவர்கள் மட்டுமே மிஞ்சுவர். தீவகத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இக்கட்டுரையை ஒருவர் உரக்க வாசியுங்கள். பின்பு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எங்கள் பொறுப்பாசிரியை படிப்பதற்கு நாளைக்கு ஒரு மணித்தியாலத்தை நாங்கள் எப்படிக் கொடுக்கப் போகிறோம்? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதிவைத்து, அடுத்த மாதமே செய்யத் தொடங்குங்கள்.